பாலைவனத்தில் வாடகைச் சைக்கிள்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

வாடகைச் சைக்கிளை மணிக்கணக்கில் எடுத்து, கால் எட்டாமல் குரங்குப் பெடல் அடித்துக் கற்றுக்கொண்ட கதையை என் தாத்தா நூறு முறை சொல்லியிருப்பார். சென்ற கோடை விடுமுறையில் நானும் வாடகைச் சைக்கிள் எடுத்தேன். எடுத்த இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பாலைவனத்தில், கொலராடோ ஆற்றை ஒட்டிய மோவாப் என்னும் சிற்றூர். சால்ட் லேக் நகரில் வசிக்கும் சித்தப்பா குடும்பத்துடன் ஏறக்குறைய நான்கு மணி நேரம் காரில் போனோம்.

தோழியரே, பாலைவனம் என்றால் மணல்மேடும் ஒட்டகமும்தான் என்று எண்ணியிருந்தேன். இங்கோ செங்கல் நிறப் பாறைகள், முட்புதர்கள், வானம். இத்தகைய பாதையில் நம் தெருச் சைக்கிள் ஓடாது. பருத்த டயரும், அதிர்ச்சியைத் தாங்கும் சுருள் அல்லது காற்றுக் குழாயும், பல கியர்களும் கொண்ட ‘மவுண்டன் பைக்’ வேண்டும். இது 1970களில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் பிறந்தது. சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைச்சரிவில் விரட்டி விளையாடினார்கள். ஒருமுறை இறங்கினால் பின்சக்கர பிரேக்கிலிருந்த கிரீஸ் எரிந்து புகைந்துவிடுமாம். மறுபடி அடைக்க வேண்டும். 1976இல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்ததே அதனால்தான்.

கடையில் முதலில் கேட்ட கேள்வி, “இதற்குமுன் எங்கே ஓட்டியிருக்கிறாய்?” என்பது. தார்ச்சாலையில் மட்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது; ஆனாலும் சொல்லிவிட்டேன். சொன்னது நல்லதாயிற்று. நானோ, புகழ்பெற்ற ‘ஸ்லிக்ராக்’ பாதைக்குப் போகலாம் என்று கனவு கண்டிருந்தேன். 1969இல் மோட்டார் சைக்கிள்களுக்காகக் குறிக்கப்பட்ட அது, வழுக்குப்பாறை என்று பெயர் பெற்றாலும் ரப்பர் டயரை நன்றாகவே பிடிக்கும். ஆனால் ஏற்றமும் இறக்கமும் செங்குத்து, புதியவர்களுக்கு ஏற்றதன்று. எங்களுக்குச் சொன்னது ஊருக்கு வடக்கே உள்ள ‘பார் எம்’ சுற்றுப்பாதை. சுமார் 13 கிலோமீட்டர், பெரும்பாலும் மேடு பள்ளம் குறைவு. மாடுகளுக்குச் சூடு போடும் குறிகளைப் போல அங்குள்ள பாதைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

பிறகு உயரத்துக்கேற்ற சைக்கிள் தேர்ந்தார்கள். நடுக்கம்பியின்மேல் இரு கால்களையும் தரையில் ஊன்றி நிற்க முடிய வேண்டும். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் சற்றே மடங்க வேண்டும். என் எடையைக் கேட்டு அதிர்ச்சிக் குழாயில் காற்றைச் சரி செய்தார்கள். தலைக்கவசம், பம்பு, மாற்று ட்யூப், சிறு கருவிகள் எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விபத்துக்குத் தானே பொறுப்பு என்று ஒரு தாளில் கையெழுத்தும் உண்டு. எனக்கு வயது போதாததால் சித்தப்பா போட்டார்.

முக்கியமான ஒன்று: என் வீட்டுச் சைக்கிளில் வலக்கைப் பிடிதான் முன்பிரேக். அங்கே இடக்கைப் பிடி. கடைக்காரர் சொன்னபோது பெரிய மனுஷி போலத் தலையாட்டினேன். முதல் சரிவிலேயே பழக்கதோஷத்தில் இடக்கையை இறுக்கினேன். முன்சக்கரம் நின்றது, நான் நிற்கவில்லை! முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. புறப்படுமுன் சமதரையில் பத்து நிமிடம் இரு பிரேக்கையும் பழகிக்கொள்ளுங்கள். மணல் வந்தால் சிறிய கியருக்கு மாறி, உடலைச் சற்றுப் பின்னே சாய்த்து, நிறுத்தாமல் மிதிக்க வேண்டும், திருப்பினால் விழுவோம்.

காயத்தைவிட அஞ்ச வேண்டியது வெயில். முதல் நாள் மாலையே சைக்கிளை எடுத்து வைத்து விடியலில் கிளம்ப வேண்டும் என்றார் சித்தப்பா. நான் சோம்பியதால் பத்து மணியாகிவிட்டது. அங்கே காற்று மிக உலர்ந்தது. வியர்வை தோன்றும்போதே ஆவியாகிவிடும். ஆகவே உடம்பு நீரை இழப்பதே தெரியாது. பாதி வழியில் எனக்குத் தலைவலி, கண் மங்கல். சித்தப்பா என் பையைத் திறந்தார். தண்ணீர் அப்படியே இருந்தது.

“தாகம் எடுக்கல சித்தப்பா.”

“தாகம் எடுத்த பிறகு குடிக்கிற ஊர் இல்லம்மா இது.”

பாறை நிழலில் உட்கார வைத்து, சித்தி சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்தார். அரை மணி நேரமாயிற்று எழுந்திருக்க. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டராவது வேண்டுமென்பது அப்பகுதித் தேசியப் பூங்காக்களின் அறிவுரை.

அந்த நிழலுக்குப் பக்கத்தில் கருமையாக, மேடு மேடாக ஒரு மண். படம் எடுக்க அதன்மேல் கால் வைக்கப் போனேன். சித்தி கையைப் பிடித்து இழுத்தார். அது உயிருள்ள மண்ணாம்! நீலப்பச்சைப் பாக்டீரியா, பாசி, லைக்கன் ஆகியவை மணலைப் பின்னிப் பிடித்து, காற்று அரிக்காமல் காக்கின்றன. ஒரு டயர்த் தடம் ஆறப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகும். சேறோ பள்ளமோ வந்தாலும் பாதையை விட்டு விலகக்கூடாது என்பது இதனால்தான்.

மாலையில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் சக்கரங்களைச் சுழற்றிப் பார்த்து, டயரிலிருந்து மூன்று முட்களைப் பிடுங்கினார். ஆட்டுத்தலை முள் என்று பொருள்படும் பெயரைச் சொன்னார். கையில் வாங்கிப் பார்த்தால் நம் ஊர் நெருஞ்சி முள்! டயருக்குள் பசை ஊற்றியிருந்ததால் பஞ்சராகவில்லை.