எட்டாம் வகுப்புக்குப் பின்

கிராமத்து நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புத் தேர்வு முடியும் நாளுக்கும், உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பில் முதன்முறையாகப் பெயர் படிக்கப்படும் நாளுக்கும் இடையே சில வாரங்களே உள்ளன. அந்த வாரங்களில் மாணவனின் பெயர் எந்தப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலும் இராது. பழைய பள்ளி அவனைப் படிப்பை முடித்தவனாகக் கணக்கிட்டுவிடுகிறது. புதிய பள்ளியோ அவனை இன்னும் அறியாது. அவன் ஒன்பதாம் வகுப்பில் சேராது போனால், அவனைத் தேடிச் செல்லும் கடமை இன்னாருக்கு உரியது என்று கூறுவது கடினம். நமது பள்ளிக் கல்வி முறையில் மாணவர்கள் மிகுதியாக நழுவிப் போகும் இடங்களுள் இது ஒன்றாகும்.

கல்வி அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த மாவட்டக் கல்வித் தகவல் முறை தரும் புள்ளிவிவரங்கள் இதனை உறுதி செய்கின்றன. 2023-24ஆம் ஆண்டில் நடுநிலைக் கட்டத்திலிருந்து உயர்நிலைக் கட்டத்திற்கு மாறிய மாணவர்களின் விகிதம் 83.3 சதவீதமாக இருந்தது. 2024-25இல் அது 86.6 சதவீதமாக உயர்ந்தது. முன்னேற்றம் மகிழ்ச்சிக்குரியதே. எனினும், எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் 100 மாணவர்களில் ஏறத்தாழ 13 பேர் அடுத்த கட்டத்தில் காணப்படுவதில்லை என்பதும் அதே எண்ணிக்கையின் பொருளாகும். இது தேசிய சராசரி. பின்தங்கிய வட்டாரங்களில் நிலைமை இதனினும் கடினமாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டத்தின் எல்லைக்கோடு

நமது அரசியலமைப்பின் 45ஆவது பிரிவு, 14 வயது நிறைவடையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டுமென 1950லேயே நெறிவகுத்தது. பத்தாண்டுகளில் எய்த வேண்டிய அந்த இலக்கு பல ஐந்தாண்டுத் திட்டங்களைக் கடந்து சென்றது. 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அதன் வழிவந்த 2009ஆம் ஆண்டுச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வி, அதாவது எட்டாம் வகுப்பு வரையிலான கல்வி, இவ்வாறு உரிமையாயிற்று.

உரிமை முடியும் இடத்திலேயே வேறு பல உதவிகளும் முடிந்துவிடுகின்றன என்பதே இங்குக் கருத வேண்டியது. மைய அரசின் மதிய உணவுத் திட்டம், இன்றைய பி.எம். போஷண், எட்டாம் வகுப்பு வரையே உணவளிக்கிறது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் தம் சொந்தச் செலவில் அதனைப் பத்தாம் வகுப்பு வரை நீட்டித்துள்ளன. தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கென ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களில் கட்டணமின்றிச் சேர்க்கப்பட்ட குழந்தைக்கும் தொடக்கக் கல்வி நிறைவுறும் வரையே அச்சலுகை உண்டு. ஒன்பதாம் வகுப்பில் பெற்றோர் முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். அல்லது வேறு பள்ளி தேட வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தம், 14 வயதுக்கு உட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்று தடுக்கிறது. பள்ளி நேரத்திற்குப் பின் குடும்பத்தாருக்கு உதவுவது போன்ற சில விலக்குகளே அதில் உண்டு. 14 வயதைக் கடந்த பின் ஆபத்தான தொழில்கள் மட்டுமே விலக்கப்பட்டவை.

கல்வியின் உரிமை, பகல் உணவு, கட்டணச் சலுகை, உழைப்பிலிருந்து பாதுகாப்பு ஆகிய நான்கும் ஏறத்தாழ ஒரே வயதில், ஒரே வகுப்பில் விலகுகின்றன. ஏழைக் குடும்பம் ஒன்று தன் பிள்ளையின் படிப்பைப் பற்றி மறுபடியும் முடிவெடுக்க நேரும் வேளையும் அதுவே.

குடும்பத்தின் கணக்கு

படிப்புக்காகக் குடும்பம் தரும் விலை பள்ளிக் கட்டணம் மட்டுமன்று. பிள்ளை வேலைக்குச் சென்றிருந்தால் ஈட்டக்கூடிய கூலியும் அதில் அடங்கும். இதனைப் பொருளியலார் வாய்ப்புச் செலவு என்பர். ஆறு வயதுக் குழந்தைக்கு இச்செலவு மிகக் குறைவு. பதினான்கு வயதுப் பையனோ வயலிலும் கடையிலும் கூலி பெறத்தக்கவன். அதே வயதுச் சிறுமி சமையலையும் தம்பி தங்கையரையும் கவனித்துக்கொண்டால், தாய் கூலி வேலைக்குச் செல்ல முடிகிறது. அவளுடைய உழைப்புக்குக் கூலி தரப்படாமையால் அது கணக்கில் வருவதில்லையே தவிர, குடும்பத்துக்கு அதன் மதிப்பு உண்டு.

மேலும், ஒன்பதாம் வகுப்பு மட்டும் படித்ததற்கு வேலைச் சந்தையில் தனி மதிப்பு பெரிதாக இல்லை. பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கைக்கு வந்தால்தான் பலன். ஆகவே பெற்றோர் எடைபோடுவது ஓராண்டுப் படிப்பை அன்று. பிள்ளை இரண்டாண்டுகளில் பொதுத் தேர்வில் தேறுமா என்னும் நிச்சயமின்மையையே ஆகும். படிப்பில் பின்தங்கிய பிள்ளையை முதலில் நிறுத்துவது, பெற்றோரின் அறியாமை அன்று. அவர்தம் கணக்கில் அது ஒருவகை முன்யோசனையே. இதனை உணராது விழிப்புணர்வுக் கூட்டங்களை மட்டும் நடத்துவதால் பயன் அதிகம் விளையாது.

இந்தக் கணக்கை மாற்றவே உதவித்தொகைகள் ஏற்பட்டன. 2008இல் தொடங்கிய தேசிய வருவாய்வழி மற்றும் திறன் உதவித்தொகைத் திட்டம், எட்டாம் வகுப்போடு படிப்பு நிற்பதைத் தடுப்பதையே தன் நோக்கமாகக் கொண்டது. அரசு, உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் பயிலும் மாணவருக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் புதிய உதவித்தொகைகளை அது வழங்குகிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாயாக இருந்த தொகை 2017இல் 12,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் பயிலும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கென 2012இல் தனி உதவித்தொகைகள் தொடங்கப்பட்டன. முன்னது திறன் தேர்வின் வழியே கிடைப்பது. அத்தேர்வு எட்டாம் வகுப்பிலேயே நடைபெறுவதால், உரிய காலத்தில் விண்ணப்பம் நிரப்பும் பொறுப்பு நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் உள்ளது. அவர் மறந்தால் மாணவன் நான்காண்டு உதவியை இழக்கிறான்.

தொலைவும் சைக்கிளும்

தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், நடுநிலைப் பள்ளி 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டு மைய அரசு விதிகள் வகுத்த அளவு. உயர்நிலைப் பள்ளிக்கு, 2009இல் தொடங்கிய தேசிய இடைநிலைக் கல்வி இயக்கம் 5 கிலோமீட்டரை அளவாகக் கொண்டது. விதிகள் முழுமையாக நிறைவேறிய இடத்திலும்கூட, பிள்ளை வளர வளரப் பள்ளி விலகிச் செல்கிறது. பருவமெய்தும் வயதில், ஊர் எல்லையைத் தாண்டிப் பெண் தனியே நடந்து செல்வதைப் பல குடும்பங்கள் விரும்புவதில்லை.

இதற்குப் பீகார் மாநிலம் கண்ட தீர்வு ஆராயத்தக்கது. 2006இல் தொடங்கிய முதலமைச்சர் மாணவியர் சைக்கிள் திட்டத்தின்படி, ஒன்பதாம் வகுப்பில் சேரும் மாணவிக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் அளிக்கப்பட்டது. உதவி எட்டாம் வகுப்பை முடித்ததற்கான பரிசாக அன்றி, ஒன்பதில் சேர்வதோடு இணைக்கப்பட்டிருந்தது என்பது கவனத்திற்குரியது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய பொருளியல் அறிஞர்கள், பீகாரின் பெண்களையும் ஆண்களையும் அண்டை மாநிலமான ஜார்க்கண்டின் பிள்ளைகளோடு ஒப்பிட்டு இத்திட்டத்தை ஆராய்ந்தனர். 2017இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை 32 சதவீதம் உயர்ந்தது. ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது. பள்ளியிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஊர்களிலேயே இப்பயன் மிகுதியாகக் காணப்பட்டது. எனவே பெண்களைத் தடுத்து நிறுத்தியவற்றுள் தொலைவு முதன்மையானது என்பது தெளிவு.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய பெண்களின் எண்ணிக்கை 18 சதவீதமும், தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கை 12 சதவீதமும் உயர்ந்தன. சைக்கிள் பள்ளி வாயில்வரை கொண்டுசேர்க்கும். வகுப்பறையில் நடப்பது வேறு பொறுப்பு.

மிகத் தொலைவான ஊர்களுக்கு உறைவிடப் பள்ளிகளே வழி. 2004இல் தொடங்கப்பட்ட கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயங்கள் முதலில் ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கே உரியனவாக இருந்தன. எட்டை முடித்த பெண் விடுதியையும் பள்ளியையும் ஒருங்கே இழந்து வீடு திரும்பினாள். 2018இல் தொடங்கிய சமக்ர சிக்ஷா திட்டம் அவற்றைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்த இடமளித்தது.

பாடத்தின் மேடு

ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்குப் பல வகையிலும் புதியது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார். பல ஊர்ப் பிள்ளைகள் கூடிய பெரிய வகுப்பில் அவனை எவரும் அறியார். இயற்கணிதமும் வடிவியல் நிரூபணமும் வேகமாக நகர்கின்றன. அடித்தளம் பலவீனமாயின் முதல் பருவத்திலேயே அவன் தளர்ந்துவிடுகிறான். கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதினரிடையே 2023இல் நடத்தப்பட்ட அசர் ஆய்வு, ஏறத்தாழ நால்வரில் ஒருவரால் தம் மொழியில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றிப் படிக்க இயலவில்லை எனக் கண்டது. மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தவர்கள் 43.3 சதவீதத்தினரே.

இக்குறையைத் தேர்வால் மட்டும் தீர்க்கலாம் என்று கருதுவது தவறு. 2019ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், ஐந்து, எட்டாம் வகுப்புகளில் தேர்வு நடத்தித் தேறாதவரை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை அரசுகளுக்கு அளித்தது. 2024 டிசம்பரில் மைய அரசு விதிகளைத் திருத்தி, தேறாதவருக்குக் கூடுதல் பயிற்சியும் இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வும் அளிக்க வகை செய்தது. அந்த இரண்டு மாதப் பயிற்சி மெய்யாகவே நடைபெறும் பள்ளியில் இவ்விதி மாணவனுக்குத் துணையாகும். நடைபெறாத பள்ளியில் அது வெளியேறும் வாயிலாகிவிடும்.

கையளிக்கும் கடமை

பெருஞ்செலவின்றி உடனே செய்யத்தக்கவை சில உண்டு. முதலாவதாக, ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியும் தன் எட்டாம் வகுப்பு மாணவரின் பெயர்ப் பட்டியலைத் தேர்வுக்கு முன்பே அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாம். மாற்றுச் சான்றிதழ் பெற்றோர் வந்து கேட்கும்வரை காத்திராமல், பள்ளிகளுக்கிடையே நேராகச் செல்லலாம். இரண்டாவதாக, எட்டாம் வகுப்பினரை ஒரு நாள் உயர்நிலைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று ஆசிரியர்களையும் வகுப்பறைகளையும் காட்டலாம். பெண்களுக்குக் கழிப்பறை வசதி உள்ளதென்பதைத் தாய்மார் நேரில் அறியலாம். மூன்றாவதாக, ஒன்பதாம் வகுப்பின் முதல் வாரங்களை மொழியிலும் கணக்கிலும் அடிப்படைத் திறன்களைச் செப்பனிட ஒதுக்கலாம். நான்காவதாக, சேர்க்கை முடிந்தபின் வட்டாரக் கல்வி அலுவலர் இரு பட்டியல்களையும் ஒப்பிட்டு, விடுபட்ட பெயர்களுக்குரிய வீடுகளுக்கு ஆசிரியரை அனுப்பலாம். 2021இல் திருத்தப்பட்ட சமக்ர சிக்ஷா, உயர்நிலை மாணவருக்கும் ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை போக்குவரத்து உதவி அளிக்க இடந்தருகிறது. யாருக்கு அது தேவை என்பதும் இந்த ஒப்பீட்டிலேயே தெரியவரும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1964-66ஆம் ஆண்டுகளின் கோத்தாரிக் குழு, ஓர் உயர்நிலைப் பள்ளியையும் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளையும் ஒரே தொகுதியாக இணைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை அதனை மீண்டும் வலியுறுத்தி, 2030க்குள் எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக் கல்வியின் முழுப் பரப்பிலும் இடம்பெற வேண்டுமென இலக்கு வகுத்துள்ளது. 1960க்குள் எய்த வேண்டிய ஓர் இலக்கு எவ்வாறு தவறியது என்பதை நாடு அறியும். இம்முறை இலக்கு நிறைவேறுவது, புதிய திட்டங்களைவிட, எட்டாம் வகுப்பு முடிந்த அந்தச் சில வாரங்களில் விடுபட்ட பெயரைக் கவனித்து, அந்த வீட்டுக் கதவைத் தட்ட ஒருவர் இருப்பதையே பெரிதும் பொறுத்துள்ளது.