மன்னர்கள் மண்டபம் என்ன ஆனது?

டெல்லியில் உள்ள வட்ட வடிவப் பழைய நாடாளுமன்றம் 1927-இல் திறக்கப்பட்டது. அதற்குள் இரண்டு அல்ல, மூன்று அவை மண்டபங்கள் கட்டப்பட்டன. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் மத்தியில் இரு அவைகளை அமைத்தது. சமஸ்தான மன்னர்களுக்கென்று தனி மன்றமும் உருவானது. அன்றைய ஆட்சிமுறை அப்படியே கல்லில் எழுந்து நின்றது.

குடியரசான இந்தியாவின் அரசமைப்பில் மன்னர்களுக்கு அவை இல்லை. அந்த மண்டபத்தில் 1950 முதல் 1958 வரை அமர்ந்தது யார் தெரியுமா? நம் உச்ச நீதிமன்றம்! அரசர்கள் கூடிய இடத்தில் குடிமக்களின் வழக்குகள் கேட்கப்பட்டன. வரலாற்றில் இதைவிட அழகான இடமாற்றம் அரிது. பிறகு அது நூலகமானது.

மூன்றுக்கும் நடுவில் மைய மண்டபம். நமது அரசமைப்பை எழுதிய அவை கூடியது அங்கேதான். இரு அவைகளையும் சேர்த்து அமரவைத்துக் குடியரசுத் தலைவர் உரையாற்ற வேண்டும் என்று அந்த அரசமைப்பே சொல்கிறது. பல பத்தாண்டுகள் அந்த உரை ஒலித்ததும் அதே மண்டபத்தில்தான்.

2023-இல் திறக்கப்பட்ட புதிய கட்டடத்தில் மைய மண்டபம் கிடையாது. அதற்குப் பதிலாக மக்களவையையே பெரிதாக்கியிருக்கிறார்கள்: உறுப்பினர்களுக்கு 888 இருக்கைகள், கூட்டுக் கூட்டத்தின்போது 1,272 பேர் அமரும் வசதி.