ஜகார்த்தாவுக்கு ஒரு எட்டு!

காலை ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து, இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். 1998 முதல் கார் செய்துகொண்டிருக்கும் ஹூண்டாய், கொரியா. ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கும் செயின்ட் கோபைன், பிரான்ஸ். சுங்குவார்சத்திரம் பக்கம் ஃபாக்ஸ்கான், தைவான். ஒரகடத்தில் 2010இல் திறந்த ரெனோ–நிசான் ஆலையில் பிரான்ஸோடு ஜப்பானும் கைகோத்தது. வல்லம் வடகாலில் யமஹா, அதுவும் ஜப்பான்.

கால்பந்துப் பைத்தியம் பிடித்த யாருக்கும் இந்தப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தால் உள்ளங்கை பரபரக்கும். பிரான்ஸ், ஜப்பான், கொரியா, மூன்று நாடுகளோடும் மைதானத்தில் நேருக்கு நேர் நின்ற ஓர் இந்திய அணி இருந்தது! தைவான்? அது ஆட வராமலேயே அந்தக் கதையின் போக்கை மாற்றிய நாடு.

பிரான்ஸை முதலில் முடித்துவிடுவோம். 1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக், இல்ஃபோர்டு மைதானம். நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் போடாமல் வெறுங்காலோடு ஆடினார்கள். பெங்களூரிலிருந்து போன சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அதுதான். கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. கடைசி நிமிடங்களில் பிரான்ஸ் ஒன்று போட்டு 2–1 என்று ஜெயித்துவிட்டது. அடுத்து 1951இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆறு அணிகள் மோதின. ஃபைனலில் மேவாலால் போட்ட ஒரே கோலில் ஈரானை வென்று தங்கம் நமக்கு. அந்த அணியின் கோச் ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர், சையத் அப்துல் ரஹீம். பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேராக 1962, ஜகார்த்தா. நான்காவது ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆட்டத்தின் ஸ்கோரை எந்தப் பழைய பேப்பரிலும் பார்த்துக்கொள்ளலாம். நாம் எட்டிப் பார்க்கப்போவது மைதானத்துக்குப் பின்னால்: வீரர்கள் படுத்த அறை, ஏறிய பஸ், கட்டுப் போட்ட தலை. அங்கேதான் எல்லாமே நடந்தது!

ஊரே அவர்களுக்கு எதிராக இருந்தது. இந்தோனேசிய அரசு தைவானையும் இஸ்ரேலையும் போட்டிக்கு வரவிடவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டி என்ற எண்ணத்துக்கே உயிர் கொடுத்தவர்களில் ஒருவரான குரு தத் சோந்தி, ஒலிம்பிக் கமிட்டியின் இந்திய உறுப்பினர், இதை வெளிப்படையாக எதிர்த்தார். இரண்டு நாடுகளை வெளியே நிறுத்திவிட்டு இதை எப்படி ஆசியப் போட்டி என்று அழைப்பது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் ஜகார்த்தா தெருக்களில் அது தங்கள் நாட்டுக்கு நேர்ந்த அவமானமாகப் போய்ச் சேர்ந்தது. கோபம் சோந்தியோடு நிற்காமல் இந்தியா என்ற பெயர் தாங்கிய எல்லார் மேலும் பாய்ந்தது. செப்டம்பர் 3 அன்று ஒரு கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. ஃபைனல் மறுநாள்!

இப்போது அந்த பஸ்ஸுக்குள் வாருங்கள். தலைப்பாகை வெளியே தெரிந்தால் இந்தியர்கள் என்று கண்டுகொள்வார்கள், கல் பறக்கும். அதனால் சர்தார்ஜிகளான ஜர்னைல் சிங்கும் திரிலோக் சிங்கும் சீட்டை விட்டிறங்கி பஸ்ஸின் தரையில் பதுங்கி உட்கார்ந்து போனார்களாம். அந்த அணியின் வீரர்கள் பின்னாளில் ஆசைஆசையாகச் சொன்ன கதை இது. ஆசிய ஃபைனல் ஆடப்போகிற மாவீரர்கள், காலுக்கடியில் குந்தி உட்கார்ந்தபடி! நினைக்க நினைக்க எனக்குச் சிலிர்க்கிறது.

ஜர்னைலின் தலைக்கு இன்னொரு கதையும் உண்டு. அவர் அணியின் ஸ்டாப்பர், தற்காப்பின் நடுத்தூண். லீக் சுற்றில் தாய்லாந்தை 4–1 என்று வென்ற ஆட்டத்தில் தலையில் பலத்த அடி. தையல் போட வேண்டியதாயிற்று. தலையில் தையலோடு இருப்பவரை ஸ்டாப்பராக நிறுத்தினால் வருகிற ஒவ்வொரு உயரப் பந்தையும் தலையால் முட்ட வேண்டும். வேறு கோச்சாக இருந்தால் பெஞ்சில் உட்கார வைத்திருப்பார். ரஹீம் என்ன செய்தார் தெரியுமா? அவரைத் தூக்கி முன்வரிசையில் சென்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார்! ஜர்னைல் கல்லூரி நாட்களில் அந்த இடத்தில் ஆடியவர் என்பது ரஹீமுக்குத் தெரியும். செமிஃபைனலில் தென் வியட்நாமுக்கு எதிராக இந்த ஏற்பாடு அரங்கேறியது. கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று. 3–2. ஃபைனலுக்குள் நுழைந்தாயிற்று.

எதிரே யார்? தென் கொரியா. 1956, 1960 என்று முதல் இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்ற அணி. இதே போட்டியின் முதல் ஆட்டத்தில் நம்மை 2–0 என்று தோற்கடித்த அணியும் அதுவே. நடுவில் ஜப்பானை 2–0 என்று வென்றிருந்தோம், அது ஒரு தெம்பு. ஆனாலும் கொரியர்களின் வேகம் யாரையும் தூங்கவிடவில்லை.

நிஜமாகவே யாரும் தூங்கவில்லை. ஃபைனலுக்கு முந்தைய இரவு படுக்கையில் புரண்டு புரண்டு அலுத்துப்போய் வீரர்கள் எழுந்து வெளியே வந்தார்கள் என்றும், அங்கே ரஹீமும் விழித்திருந்தார் என்றும் சுனி கோஸ்வாமி நினைவுகூர்ந்திருக்கிறார். நாளைக்கு எனக்கு உங்களிடமிருந்து ஒரு பரிசு வேண்டும், அந்தத் தங்கத்தை ஜெயித்துக் கொடுங்கள் என்று ரஹீம் கேட்டாராம். அவர் உடம்பை அப்போதே புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது.

அடுத்தது கோல்கீப்பர் விஷயம். இங்கேதான் தமிழ்நாட்டு வாசகர் நிமிர்ந்து உட்கார வேண்டும். பீட்டர் தங்கராஜ், ஆறடிக்கும் மேலே ஓங்கிய உருவம். பிறந்தது ஹைதராபாத், ஆளாக்கியது நம் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர். ராணுவத்தில் முதலில் சென்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்தவர், கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றதும் அங்கேயே ஆசியாவின் மிகச் சிறந்த காவலராகிவிட்டார். மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டர் 1955இலும் 1958இலும் டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. அப்பேர்ப்பட்டவர் ஜகார்த்தாவில் காய்ச்சலில் படுத்துவிட்டார். செமிஃபைனலில் கோல் காத்தவர் பிரத்யுத் பர்மன். ஜெயித்த கோல்கீப்பரை மாற்றக் கூடாது என்பது ஆட்டக்காரர்கள் நம்புகிற விதி. ரஹீம் மாற்றினார். கொரியர்கள் உயரப் பந்து போடுவார்கள், அதைப் பறிக்க உயரமான கை வேண்டும். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜ் நேராக ஃபைனலுக்குள் வந்தார்.

இன்னொருவரும் நம்மவர். துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் அம்முகூடாவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். அம்மா பெயர் முத்தம்மா. 1956, 1960 என்று இரண்டு ஒலிம்பிக் பார்த்த கால்கள். சுனி, பி.கே. பானர்ஜி, பலராம் என்ற மூவர் கூட்டணியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கொல்கத்தாவில் இன்றைக்கும் டீ ஆறிப்போகும். அணிப் பட்டியலில் அருமைநாயகம், எத்திராஜ் என்ற பெயர்களும் உண்டு. படிக்கும்போதே நம் தெருக்காரர்கள் போலத் தோன்றவில்லையா?

செப்டம்பர் 4. செனயான் அரங்கம், ஒரு லட்சம் பேருக்கு இடம். இந்திய தேசிய கீதம் ஒலித்தபோது எழுந்த கூச்சலில் பாட்டே காதில் விழவில்லை. பந்து நம் காலுக்கு வந்தாலே ஊளை. அந்தக் கூட்டத்தில் நமக்காகக் கை தட்டிய ஒரு சின்னக் கும்பல் இருந்தது. யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி! அதே போட்டியின் ஹாக்கி ஃபைனலில் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வாங்கியவர்கள், இங்கே நம் கால்பந்து அணிக்குக் குரல் கொடுத்தார்கள். பி.கே.யும் மற்றவர்களும் கடைசிவரை மறக்காமல் சொன்ன விஷயம் இது.

17ஆவது நிமிடம் பி.கே. கோல். மூன்றே நிமிடம் கழித்து இரண்டாவது கோல். போட்டது ஜர்னைல் சிங். பஸ் தரையில் பதுங்கி வந்த அதே மனிதர், தையல் போட்ட அதே தலை! ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கொரியாவின் சா டே-சுங் ஒன்றைத் திருப்பினார். அதற்கு மேல் ஒன்றும் புகவில்லை. அரங்கத்தின் ஊளைக்கு நடுவே தங்கராஜ் கல்தூணாக நின்றார். 2–1. தங்கம்!

வெற்றி பெற்ற கதைகள் ஆயிரம் உண்டு. எனக்கு இது எல்லாவற்றுக்கும் மேலே நிற்பதற்குக் காரணம், ரஹீம் அன்று எடுத்த முடிவு ஒவ்வொன்றும் பாதுகாப்பான வழிக்கு எதிரானது. அடிபட்டவனை முன்னே தள்ளினார், படுத்திருந்தவனை எழுப்பி வாசலில் நிறுத்தினார். பயிற்சியாளர் என்றால் தன் ஆட்களை அந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்தியக் கால்பந்து கண்ட மிகப் பெரிய மூளை அவருடையது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. கேட்ட பரிசு கைக்கு வந்த ஒன்பதே மாதத்தில், 1963 ஜூன் 11 அன்று, அவர் இறந்துபோனார். தங்கராஜ் 2008இலும், பி.கே.யும் சுனியும் 2020இலும், பலராம் 2023 பிப்ரவரியிலும் போய்ச்சேர்ந்தார்கள். 2024இல் ‘மைதான்’ என்ற இந்திப் படம் ரஹீமின் கதையை மறுபடி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

1970இல் பாங்காக்கில் ஒரு வெண்கலம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கால்பந்து அணிக்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் பக்கத்து மைதானத்தில் பந்து உதைக்கும் தம்பி தங்கைகளே, மெஸ்ஸி பெயரும் ரொனால்டோ பெயரும் போட்ட பனியன்களை ஆசையாகப் போடுங்கள், தப்பே இல்லை. அடுத்தமுறை டீமுக்குப் புதுசாக பனியன் அடிக்கும்போது கோல்கீப்பர் முதுகில் மட்டும் தங்கராஜ் என்று அடியுங்கள்.