செயல்திறன் சோதனையும் அதன் குறிப்பேடும்

ஆழமறியாது காலை விடலாகாதென்பது நம் முன்னோர் மொழி. மென்பொருள் இயற்றுவோர்க்கு இது பெரிதும் பொருந்தும். ஒருவர் இயக்குங்கால் செவ்வனே இயங்கும் மென்பொருள், பதினாயிரவர் ஒருங்கே அணுகுங்கால் எங்ஙனம் இயங்கும் என்பதை முன்னரே அளந்தறிவதே செயல்திறன் சோதனையாம். அச்சோதனையைப் பதிவு செய்யுமாற்றையும் பேணுமாற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

உரிய காலத்தில் அளந்தறியாமையால் விளையும் கேட்டிற்கு ஒரு சான்று காண்போம். அமெரிக்க ஐக்கிய நாட்டில், மக்கள் மருத்துவக் காப்பீடு பெறும்பொருட்டு அரசினர் அமைத்த ஹெல்த்கேர்.கவ் என்னும் இணையதளம் 2013 அக்டோபர் 1-ஆம் நாள் திறக்கப்பெற்றது. ஒரே வேளையில் 50,000 முதல் 60,000 பேர் வருவரென எதிர்நோக்கினர். வந்தவரோ 2,50,000 பேர். முதல் நாளில் காப்பீட்டிற் சேர முடிந்தவர் அறுவரே. தளம் முழுவதையும் இணைத்து நடத்திய சோதனை, திறப்பிற்கு இரண்டு வாரம் முன்னரே தொடங்கிற்றென்பது பின்னர் நடந்த விசாரணையில் வெளியாயிற்று.

இனிப் பதிவு செய்யும் முறையை நோக்குவோம். இதற்கென அமைந்த கருவிகளுள் 1998-இல் தோன்றிய ஜேமீட்டர் ஒன்று. அதனை யாவரும் விலையின்றிப் பெறலாம். அது பிரவுசருக்கும் சர்வருக்கும் இடையே நின்று, நாம் உள்நுழைதல், தேடுதல், படிவம் நிரப்புதல் ஆகியவற்றின்போது செல்லும் வேண்டுகோள்கள் அனைத்தையும் எழுதிக்கொள்ளும். பின்னர் அப்பதிவைப் பலர் ஒருங்கே செய்வதுபோல் மீள நடத்தும்.

ஆயினும் பதிவை உள்ளவாறே நடத்தின் பயனில்லை. ஒவ்வொரு வருகைக்கும் சர்வர் தரும் அடையாளக் குறி வேறாதலின், பழைய குறியை நீக்கி, அவ்வப்போது வரும் புதிய குறியை எடுத்தாள வேண்டும். யாவரும் ஒரே பெயரால் நுழைவதாக அமையாது, வெவ்வேறு பெயர்களையும் விவரங்களையும் தருதல் வேண்டும். மனிதர் படித்து எண்ணுதற்குக் கொள்ளும் இடைவேளையையும் சேர்த்தல் வேண்டும். இவை இல்லாத சோதனை மெய்யான கூட்டத்தைக் காட்டாது.

முடிவுகளைக் காணுங்கால் சராசரியை மட்டும் நம்புதல் தவறு. நூறு பேருள் 90 பேர்க்கு 1 நொடியிலும், 10 பேர்க்கு 21 நொடியிலும் விடை கிடைப்பின் சராசரி 3 நொடியாகும். ஆனால் மூன்று நொடி காத்திருந்தார் ஒருவருமிலரன்றோ! ஆகலின், 95 விழுக்காட்டினர் எத்தனை நொடிக்குள் விடை பெற்றனர் என்பதையும், பிழையுற்ற வேண்டுகோள்கள் எத்துணை என்பதையும் உடன் குறித்தல் வேண்டும்.

இனிப் பேணுமாறு. நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெப்பநிலையைக் குறியாது வாயுவின் கன அளவை மட்டும் எழுதிய மாணவனது குறிப்பேடு ஏற்கப்படுமோ? அங்ஙனமே, மென்பொருளின் எப்பதிப்பு, எத்தகைய கணிப்பொறி, தரவுத்தளத்தின் அளவு யாது, எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்பன எழுதப்படாத சோதனை, நாளை மற்றொன்றோடு ஒப்பிடற்கு உதவாது. சுருக்கத்தோடு மூல அளவுகளையும் சேமித்தல் வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, முந்தைய முடிவோடு ஒப்பிடல் வேண்டும். ஒரே சோதனையைப் பன்முறை நடத்தி, தற்செயலாக நேரும் வேறுபாட்டைப் பிரித்தறிதல் வேண்டும்.

மேற்கூறிய தளம் இரண்டு திங்களிற் செப்பனிடப்பட்டது. இடையறாது கண்காணிக்கும் ஏற்பாடும் அமைந்தது. அக்டோபர் இறுதியில் சராசரி 8 நொடியாயிருந்த விடைக்காலம், டிசம்பர் 1-ஆம் நாள் அரசினர் வெளியிட்ட அறிக்கையில் 1 நொடிக்கும் குறைந்திருந்தது; 6 விழுக்காடாயிருந்த பிழையும் 1 விழுக்காட்டிற்குக் கீழிறங்கிற்று. இவ்வளவுகள் பதிவாகியிராவிடின், திருந்தியதென்று சொல்வதற்கு யாது சான்று? பிணியுற்றார் பலர் அத்தளத்தை நம்பிக் காத்திருந்தனர் என்பதை எண்ணுங்கால், குறிப்பேட்டின் ஒவ்வொரு வரியும் பிறர்க்கு நாம் ஆற்றும் கடமையே என்பது விளங்கும்.