தெளிந்த நீரெல்லாம் தூய நீராகுமா?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக மலையேறும் பாதை, நக்கிள்ஸ் மலைத்தொடரில் முகில் தவழும் ரிவர்ஸ்டனை அடைகின்றது. அங்கே பாறைகளினூடே பாயும் ஓடைநீர் பளிங்கு போன்று தெளிந்திருக்கும். கை குவித்து அள்ளிப் பருகலாம் என்றே எவர்க்கும் தோன்றும். ஆயினும் தெளிவு வேறு, தூய்மை வேறு. மனிதரும் விலங்குகளும் விடும் கழிவை மழைநீர் அடித்துவந்து ஓடையிற் சேர்க்குமாயின், வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல் ஆகியவற்றின் கிருமிகளும் உடன் வந்து சேரும். அவற்றைக் கண் காணாது. முதலில் வாடுவது வீட்டுக் குழந்தையே.

இக்கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் எளிய களிமண்ணுக்கு உண்டு என்பது வியப்பன்றோ! களிமண்ணை இடித்து அரித்து, நன்கு சலித்த உமித்தூளையோ மரத்தூளையோ அதனுடன் கலந்து பிசைந்து, அச்சில் அழுத்திப் பூந்தொட்டி வடிவிலான கலமாக்குகின்றனர். உலர்ந்த கலத்தைச் சூளையில் ஏறத்தாழ 800 முதல் 900 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுடும்பொழுது, உமி எரிந்து மறைகின்றது. அஃது இருந்த இடங்கள் நுண்துளைகளாக எஞ்சுகின்றன. வளைந்து நெளியும் அத்துளைகளினூடே நீர் கசிந்து இறங்க, கிருமிகளிற் பெரும்பாலானவை இடையிற் சிக்கிக்கொள்கின்றன. கிருமிகளை அடக்கும் வெள்ளிக் கரைசலையும் கலத்திற் பூசுவர்.

உமி மிகுந்தால் நீர் விரைந்து வடியும். ஆனால் கிருமிகளும் தப்பிவிடும். ஆகவே மணிக்கு ஏறத்தாழ 1 முதல் 3 லீற்றர் வடிகின்றதா என ஒவ்வொரு கலத்தையும் சோதித்தல் வேண்டும்.

பிரான்சில் பாஸ்ரரின் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சாம்பர்லாந்து 1884 இல் பீங்கான் வடியை அமைத்தார். 1981 இல் குவாத்தமாலாவின் பெர்னாண்டோ மசாரியேகோஸ், ஏழைக் குயவரும் செய்யத்தக்க மட்கல வடியை உருவாக்கினார். 1998 ஆம் ஆண்டின் பெரும் புயலுக்குப் பின் நிக்கராகுவாவில் அது பரவிற்று. 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளின் பின்னர், பாதிக்கப்பட்ட இலங்கைக் குடும்பங்களுக்கும் செஞ்சிலுவைச் சங்கத்தினர் இத்தகைய வடிகளை வழங்கினர்.

இக்கலத்தால் ஆகாதனவும் உள. நீரிற் கரைந்த உப்பையும் புளோரைட்டையும் இது அகற்றாது. மிக நுண்ணிய வைரசுகள் துளைகளைக் கடந்துவிடலாம். எனவே கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் வடித்த நீரையும் கொதிக்க வைத்து ஆற்றியே கொடுத்தல் நன்று.

இல்லத்தரசிகள் சில விதிகளை மறவாதிருத்தல் வேண்டும். கலங்கிய நீரைத் தெளியவிட்டே ஊற்றுக. வடிதல் மந்தமானால் உட்புறத்தை மென்மையான தூரிகையால் தேய்த்துச் சுத்தமான நீரிற் கழுவுக, சவர்க்காரம் கூடாது. வெடிப்புற்ற கலத்தை விலக்குக. எல்லாவற்றினும் மேலாக, வடிந்த நீர் தங்கும் பாத்திரத்தை மூடிவைத்து, குழாய் வழியாகவே நீரைப் பெறுக. அழுக்குக் கையோடு குவளையை உள்ளே இட்டால், மண்ணும் நெருப்பும் தேடித்தந்த தூய்மையை நாமே நொடியில் இழந்தவராவோம்.