விழும் பந்தும் ஐந்து கீஃப்ரேம்களும்

இயக்கம் பாடத்திற்காக நானே செய்த முதல் அனிமேஷனை ஒன்பதாம் வகுப்பில் போட்டுக் காட்டிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. மாடியிலிருந்து ஒரு சிவப்புப் பந்து கீழே விழும். தலைப்பு எழுத்துகள் சுழன்று வந்து நிற்கும். மூன்று இரவு உழைப்பு. பிள்ளைகள் கைதட்டினார்கள். கடைசி பெஞ்சில் இருந்த ஒருவன் மட்டும், “டீச்சர், பந்து விழுற மாதிரி இல்லையே, கிணத்துல வாளிய இறக்குற மாதிரி இருக்கு” என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து மறுபடி ஓட்டிப் பார்த்தபோது அவன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. பந்து தொடக்கம் முதல் கடைசிவரை ஒரே வேகத்தில் இறங்கியது. தடையின்றி விழும் பொருள் முடுக்கமடைகிறது என்று மறுநாள் கற்பிக்கவேண்டிய நான், திரையில் அதற்கு மாறானதைக் காட்டிவிட்டேன். பிள்ளைகள் காதால் கேட்டதை மறந்தாலும் கண்ணால் கண்டதை மறக்கமாட்டார்கள். எனவே இந்தத் தவற்றைத் திருத்தியே ஆகவேண்டும் என்று அனிமேஷனின் அடிப்படையை முதலிலிருந்து படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நகர்வது எப்படி?

பழைய நோட்டின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒரு படமாகச் சற்றுச் சற்று மாற்றி வரைந்து, கட்டைவிரலால் வேகமாகப் புரட்டினால் படம் நகர்வதுபோல் தோன்றும். கணினி அனிமேஷனும் இதுவேதான். ஒவ்வொரு படத்தையும் ஃப்ரேம் என்கிறோம். திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 ஃப்ரேம்கள்.

கையால் வரைந்த காலத்தில், மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். இடைப்பட்ட படங்களை உதவியாளர்கள் வரைந்து நிரப்புவார்கள். அந்த முக்கிய நிலைகள்தாம் கீஃப்ரேம்கள். இன்று உதவியாளரின் வேலையை மென்பொருள் செய்கிறது. பந்து மேலே இருக்கும் நிலையையும் கீழே இருக்கும் நிலையையும் நாம் சொன்னால், இடையில் உள்ளவற்றை அது கணக்கிட்டுக்கொள்ளும். எழுத்து, வடிவம், வரைபடம் ஆகியவற்றை இப்படி நகரவைப்பதையே மோஷன் கிராபிக்ஸ் என்கிறார்கள்.

எந்த மென்பொருள்?

இத்துறையில் பெயர்பெற்றது 1993இல் வெளிவந்த ஆஃப்டர் எஃபெக்ட்ஸ். அதற்குச் சந்தா கட்டவேண்டும். நான் பயன்படுத்துவது சின்ஃபிக் ஸ்டுடியோ. 2005இல் கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இலவசமாக இயங்கும். ஒன்றில் அடிப்படையைப் பிடித்துக்கொண்டால் மற்றொன்றுக்கு மாறுவது கடினமில்லை. லேயர், டைம்லைன், கீஃப்ரேம் ஆகிய மூன்றும் எல்லாவற்றிலும் உண்டு.

முதல் பாடம்

1. புதிய கோப்பைத் திறந்து, வட்டக் கருவியால் ஒரு பந்து வரையுங்கள். அது லேயர் பட்டியலில் ஒரு லேயராகச் சேரும். தரையைத் தனி லேயராக வரையுங்கள். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதுபோல்தான் லேயர்கள்.

2. கீஃப்ரேம் பகுதியில் 0 வினாடியிலும் 1 வினாடியிலும் கீஃப்ரேம் சேருங்கள்.

3. கேன்வாசின் கீழே நடக்கும் மனிதன் படமுள்ள பொத்தானை அழுத்துங்கள். கேன்வாசைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் தோன்றும். இனி நீங்கள் செய்யும் மாற்றம் அந்தந்த நேரத்துக்குப் பதிவாகும் என்பது அதன் பொருள். இதைக் கவனிக்காமல் விடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

4. 0 வினாடியில் பந்தை மேலேயும், 1 வினாடியில் தரையிலும் வையுங்கள். ஓட்டிப் பாருங்கள்.

5. கோப்பு மெனுவில் ரெண்டர் கொடுத்து, டார்கெட் என்ற இடத்தில் எஃப்எஃப்எம்பெக்கைத் தேர்ந்தெடுத்தால் வீடியோ கிடைக்கும். அதைத் திறன் பலகையிலும் கைபேசியிலும் காட்டலாம்.

தவறு எங்கே?

நான் இரண்டே கீஃப்ரேம்கள் கொடுத்து, இடைநிரப்பும் முறையை ‘லீனியர்’ என்று வைத்திருந்தேன். அதாவது சம நேரத்தில் சம தூரம். அதற்குச் சீரான இயக்கம் என்று பெயர். மென்பொருள் நான் சொன்னதைத்தான் செய்தது. மெதுவாகத் தொடங்கி வேகமெடுக்கும் முறைகளும் அதில் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த வளைவு நம் பாடத்தின் சமன்பாட்டோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே நானே கணக்கிட்டேன்.

ஓய்விலிருந்து விழும் பொருள் கடக்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஒரு வினாடியை நான்காகப் பிரித்தால் மொத்தத் தூரம் 0, 1, 4, 9, 16 என்று வளரும். ஒவ்வொரு கால் வினாடியிலும் கடக்கும் தூரம் 1, 3, 5, 7. கால் வினாடி என்பது 6 ஃப்ரேம்கள். ஆகவே 0, 6, 12, 18, 24 ஆகிய ஐந்து ஃப்ரேம்களில் கீஃப்ரேம் வைத்து, மேலிருந்து 0, 1, 4, 9, 16 கட்டங்கள் தள்ளிப் பந்தை நிறுத்தினேன். ஒரு வினாடியில் பொருள் விழும் தூரம் 4.9 மீட்டர். அதை 16ஆல் வகுத்தால் ஒரு கட்டம் ஏறத்தாழ 30.6 சென்டிமீட்டர், அதாவது ஓர் அடி.

காதால் சரிபார்த்தோம்

திரையில் காட்டியது உண்மைதானா என்று பிள்ளைகள் சோதிக்கவேண்டாமா? ஒரு நூலில் ஐந்து இரும்பு நட்டுகளைக் கட்டினோம். கீழ்முனையில் ஒன்று, அதிலிருந்து 12, 48, 108, 192 சென்டிமீட்டர் உயரங்களில் மற்றவை. தரையில் தட்டு வைத்து, ஒருவர் உயரத்தில் நின்று நூலைச் செங்குத்தாகப் பிடித்தார். கீழ் நட்டு தட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. விட்டவுடன் மற்ற நான்கும் சம இடைவெளியில் தாளம்போல் ஒலித்தன. நட்டுகளைச் சம தூரத்தில் கட்டி விட்டபோது ஒலிகள் நெருங்கிக்கொண்டே வந்தன. எந்த விளக்கமும் சொல்லாமலே வேறுபாடு புரிந்துவிட்டது. நூலைப் பிடிப்பவர் உறுதியான மேசைமேல் நிற்கவும், ஆசிரியர் அருகில் இருக்கவும் வேண்டும்.

நான் கற்றுக்கொண்டவை

கணினிக்கு முன் தாள். வரைபடத்தாளில் பந்தின் ஐந்து நிலைகளையும் குறித்த பிறகே பிள்ளைகளைக் கணினி முன் உட்காரவைக்கிறேன். கணினி குறைவாக இருந்தாலும் இந்தப் பாதி வேலை எல்லோருக்கும் கிடைக்கிறது.

ஒரு வீடியோவில் ஒரு கருத்து. அரை நிமிடம் போதும். சுழலும் தலைப்பு, பின்னணி இசை எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். முதல் வீடியோவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டபோது பலரும் சொன்னது எழுத்துகள் ஆடியதைத்தான்.

ஓடவிட்டு நிறுத்த வேண்டும். “அடுத்த கால் வினாடியில் பந்து எங்கே இருக்கும்?” என்று கேட்டு, குறிக்கச் சொல்லிவிட்டுத் தொடர வேண்டும். அப்போதுதான் வேடிக்கை பார்ப்பவர்கள் சிந்திப்பவர்களாக மாறுகிறார்கள்.

மற்ற பாடங்களுக்கும் இது பொருந்தும். கணித ஆசிரியர் முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் வெட்டி ஒரு நேர்கோட்டில் சேர்த்துக் காட்டலாம். தொடக்க வகுப்பில் ‘அ’ எழுதும் திசையைக் கோடு கோடாக நகர்த்திக் காட்டலாம். எதைச் செய்தாலும், திரையில் நகர்வது பாடத்தில் உள்ளபடியே நகர்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

திருத்திய வீடியோவை வகுப்பில் காட்டியபோது கடைசி பெஞ்சுப் பையனைத்தான் முதலில் பார்த்தேன். “இப்ப சரி டீச்சர். ஆனா தரையில பட்டதும் எம்பணுமே?” என்றான். 9 கட்டம் எம்பும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடச் சொன்னேன். மேலே போகும்போது 5, 3, 1 என்று அவனே கண்டுபிடித்தான். அந்த வீடியோவை அவனும் அவனுடைய குழுவும் செய்து முடித்தார்கள். இந்த ஆண்டு இயக்கம் பாடத்தை அவர்கள் செய்த வீடியோவைக் காட்டித்தான் தொடங்கினேன்.