பழைய விண்வெளி வீரனை வரைய

நம் இல்லங்களில் ஓவியம் பயிலும் பிள்ளைகள் சிலர், பழைய அமெரிக்க விஞ்ஞானக் கதை இதழ்களின் பாணியில் விண்வெளி வீரனை வரைய விழைகின்றனர். உருவம் உயிரற்றுப் போனதும், தம் கையே குறையுடையதென்று சோர்கின்றனர். குறை கையிலன்று; பார்த்து வரைந்த போலிப் படத்திலேயே உளது. ஆதலின் மூலத்தை நாடுமாறு வேண்டுகிறோம்.

1926 ஏப்ரலில் தோன்றிய ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ இதழின் அட்டைகளை வரைந்தவர் பிராங்க் ஆர். பால். இயந்திரங்களை அவரிடம் கற்கலாம். அவருடைய மனித உருவங்களோ சற்று விறைப்பானவை. உடற்கட்டுக்கு, 1934இல் ‘பிளாஷ் கார்டன்’ சித்திரத் தொடரைத் தொடங்கிய அலெக்ஸ் ரேமண்டைக் காண்க. அக்கால இதழ்கள் பல ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

உடைக்கு, அந்நாளைய விமானியின் தோல் தொப்பியையும் கடலில் மூழ்குவோரின் செப்புத் தலைக்கவசத்தையும் புகைப்படங்களில் நோக்குக. நிற்கும் நிலைக்கோ, வீட்டிலுள்ள தம்பியை விளக்கருகே நிறுத்தினால் போதும். பொறுமையே இதற்கு முதல்.